சங்கு ஊதாத பிசானம்

புதிதாகப் பேரூராட்சி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்களில் இரண்டு பேர் போன வாரம் என் வீடு தேடி வந்தீர்கள். "பட்ஜெட்டில் துண்டு விழுகிறது மேடம். வரியை ஏற்றவா, வசதிகளைக் குறைக்கவா?" என்று கேட்டீர்கள். நானும் காப்பி கொடுத்து, ஊர்க்கதை பேசி, பதில் சொல்லாமல் அனுப்பிவிட்டேன். என்னிடம் அதற்கு நேரான பதில் கிடையாது. ஒரு சங்கின் கதைதான் இருக்கிறது. அது ஒரு டம்ளர் காப்பியில் முடிகிற கதை இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பொறுமை இருக்கும் என்று கேள்வி.

தொண்ணூறுகளின் கடைசி. திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் நடுவே தாமிரபரணிக் கரையில் ஒரு பேரூராட்சி. பெயர் வேண்டாம், என்னைத் தெரிந்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். நான்தான் செயல் அலுவலர். பெண் அதிகாரி என்றால் அப்போது ஊருக்கு ஒரு வேடிக்கை. வரி கட்ட வந்தவர்கள் என் அறைக்குள் எட்டிப் பார்த்து, "ஐயா எப்பம் வருவாவ?" என்று கேட்பார்கள். "ஐயா வரமாட்டார், நான்தான் ஐயா" என்று சொல்லிச் சொல்லி முதல் மாதம் வாய் வலித்தது.

அந்த வருஷம் மாநில அரசுக்கே பணமுடை. மேலே துண்டு விழுந்தால் அது மேலேயே கிடக்காது, படிப்படியாக இறங்கி வந்து கடைசியில் நம் மேஜையில் விழும். எங்களுக்கு வரவேண்டிய மானியத்தில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு, "வருமானத்தைப் பெருக்குக, அல்லது செலவினத்தைச் சுருக்குக" என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்கள். எழுதினவருக்கு அது ஒரு வரி வேலை. எங்களுக்கு ஒரு வருஷத்துப் பாடு.

மன்றத் தலைவர் பலசரக்கு மொத்த வியாபாரி. ஊரே அவரை அண்ணாச்சி என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். மன்றக் கூட்டத்தில் நான் முதலில் வரியைத்தான் சொன்னேன். வீட்டு வரி ஏற்றிப் பல வருஷம் ஆகிறது, பெரிய வீடுகளுக்காவது கொஞ்சம் ஏற்றலாம் என்றேன். ஏற்றவில்லை, ஏற்றலாம் என்று வாயால் சொன்னதோடு சரி. கூட்டம் கலைந்து நான் என் அறைக்கு வருவதற்குள் வாசலில் ஆட்கள். "வரி கூடுதாமே?" என்று சாயங்காலம் வரை வந்துகொண்டே இருந்தார்கள். அண்ணாச்சி கடைக்கும் போயிருக்கிறார்கள். மறுநாள் அவர் வியர்த்து விறுவிறுத்து வந்தார்.

"அம்மா, ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம். வரிங்கிற சொல்ல இனிமே இந்த ஆபீசுக்குள்ள சத்தமாச் சொல்லாதிய. எதையாவது நிப்பாட்டிருவோம். நிப்பாட்டுனா யாரு வந்து கேக்கப் போறா?"

இந்தக் கடைசி வாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டது. எனக்குச் சின்ன வயசிலிருந்தே ஒரு கெட்ட பழக்கம். பதிலை எதிர்பார்க்காமல் ஒருவர் கேட்கிற கேள்விக்கும் பதிலைத் தேடிப் போய்விடுவேன். யார் வந்து கேட்கப் போகிறார்கள்? எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. சரி, ஒன்றை நிறுத்திப் பார்ப்போம் அண்ணாச்சி என்றேன்.

ஊருக்குத் தண்ணீர் தரும் மேல்நிலைத் தொட்டியின் உச்சியில் ஒரு மின்சாரச் சங்கு இருந்தது. கோயிலில் ஊதுகிற சங்கு என்று நினைத்துவிடாதீர்கள். இது ஆலைகளில் ஊதுவார்களே, அந்த மாதிரி. காலை, மதியம், மாலை, இரவு என்று நான்கு வேளையும் மணிக்கு ஊதும். ஆற்றுக்கு அக்கரை வரைக்கும் கேட்கும். அதற்கென்று தனி மீட்டர். அடிக்கடி உள்ளே இருக்கும் கம்பிச்சுருள், அதாவது காயில், கருகும், கழற்றி இறக்கி திருநெல்வேலி ஜங்ஷனுக்குக் கொண்டுபோய்ப் புதுக் கம்பி சுற்றிக்கொண்டு வர வேண்டும். "கையில கடியாரம் இல்லாத ஆளு இந்தக் காலத்துல எவன் இருக்கான்?" என்றார் அண்ணாச்சி. ஒருவரும் மறுக்கவில்லை. தீர்மானம் ஒரு நொடியில் நிறைவேறியது. மின்சார அலுவலகத்துக்கு எழுதினோம், அவர்கள் வந்து மீட்டரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். மிச்சமானது பெரிய தொகை ஒன்றும் இல்லை. ஆனால் நிறுத்த வேண்டியவற்றின் பட்டியலில் அடுத்தாற்போல் பாதித் தெருவிளக்குகள் இருந்தன. சங்குக்கு யாரும் சண்டைக்கு வரவில்லை என்றால் விளக்குகளிலும் கை வைக்கலாம் என்பது அண்ணாச்சியின் கணக்கு.

அதன் பிறகு நான் ஆவலாகக் காத்திருந்தேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் முதலில் வந்தார். மதியச் சங்குக்குத்தான் தன் கடிகாரத்தைச் சரிவைப்பாராம், இப்போது மாத்திரை போடுகிற நேரமே தடுமாறுகிறதாம். ஓட்டல்காரர் வந்தார். பிறகு ஜவுளிக்கடைக்காரர், "என்னம்மா, பேரூராட்சிக்கே சங்கு ஊதியாச்சா?" என்று நக்கல் பண்ணிவிட்டுப் போனார். வந்தவர்கள் அத்தனை பேர் கையிலும் கடிகாரம் இருந்தது. அதைச் சரிபார்க்கச் சங்கு இல்லையே என்பதுதான் அவர்கள் குறை.

அண்ணாச்சிக்குப் பரம திருப்தி. "பாத்தியளாம்மா? வரின்னதும் ஊரே தெரண்டு வந்துச்சு. சங்குன்னதும் வாத்தியாரும் ரெண்டு கடைக்காரரும்தான் வந்தாவ. பேசாம வெளக்கையும் பாதியாக்கிருவோம்."

எனக்கும் அது சரி என்றுதான் தோன்றியது. இருந்தாலும் மனசில் ஒரு அரிப்பு. நான்கு வேளை ஊதின சங்கு. இரண்டு மூன்று பேருக்காகத்தானா அது இத்தனை வருஷம் அலறியது?

எங்கள் அலுவலகத்துக்கு நேர் எதிரே பஸ் நிறுத்தம். ஐந்து மணி பஸ்ஸுக்கு அக்கரை ஊர்ப் பெண்கள் கும்பலாக வந்து நிற்பார்கள். ஐப்பசி மாதம், பிசானம் என்கிற மழைக்கால நெல் நடவு மும்முரமாக நடக்கும் நேரம். கால்வாய்க்குக் கீழே உள்ள வயல்களில் நாற்று நட்டுவிட்டு, முழங்கால் வரைக்கும் சேறோடு, வெற்றிலையை மென்றுகொண்டு, ஒருத்தியை ஒருத்தி கேலி பண்ணிச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். அந்தச் சத்தத்தில் எனக்கு வேலை ஓடாது, எழுந்து ஜன்னலைச் சாத்திவிடுவேன். ஒரு சாயங்காலம் ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து மேஜை நனைந்துபோனது. அப்போதுதான், ஜன்னலை நான் பல நாளாகச் சாத்தவே இல்லை என்பது உறைத்தது. எட்டிப் பார்த்தேன். நிறுத்தத்தில் ஒரு பெண்ணும் இல்லை. ஐந்து மணி பஸ் வந்து, கண்டக்டர் இரண்டு தரம் விசில் கொடுத்துவிட்டு, காலியாகப் போனது.

எங்கே போனார்கள் இவர்கள்? வீட்டுக்குப் போகாமல் வாசலிலேயே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, இருட்டுகிற வேளையில், அதே பெண்கள் வேகு வேகென்று நடந்து வந்தார்கள். சிரிப்பும் இல்லை, வெற்றிலையும் இல்லை. அடுத்த பஸ் ஏழு மணிக்கு மேல்தான். அதுவரை நிற்க முடியாமல், கால்வாய்க் கரையோடு போய்ப் பாலம் ஏறி, அக்கரைக்கு நடந்தே போகிறார்கள்.

"ஏம்மா, பஸ்ஸை விட்டுட்டு நடந்து போறீங்க?" என்று கேட்டேன்.

முன்னால் வந்தவள் நின்றாள். இசக்கியம்மாள் என்று பெயர், நடவுக் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. முப்பது வயசுக்கு மேல் இராது.

"பஸ்ஸ நாங்களா விட்டோம்? அதுதான் எங்கள விட்டுட்டுப் போவுது. முன்னால சங்கு இருந்துச்சு, சத்தம் கேட்டதும் கரையேறி வந்துருவோம். இப்பம் யாரோ ஒரு மவராசி அத நிப்பாட்டிப் போட்டாவளாம்."

பின்னால் நின்றவள் அவள் முந்தானையை இழுத்தாள். "ஏட்டி, இவுகதான் அது."

"அப்பம் நல்லதாப் போச்சு" என்றாள் இசக்கியம்மாள், கொஞ்சமும் அசராமல். "நேர்லயே சொல்லிருதேன். சங்கு போனதுலருந்து பிள்ளைவாள் கடியாரத்தப் பாத்துதான் எங்கள விடுதாவ. வானம் மூடிக் கெடக்கு, பொழுதும் தெரிய மாட்டேங்கு. ஓடியாந்தா பஸ்ஸோட பின்பக்கந்தான் தெரியுது. எனக்கு வீட்டுல கைப்பிள்ளை கெடக்கும்மா. நான் நடந்து போய்ச் சேரதுக்குள்ள அது பாலுக்கு அழுது அழுது தொண்ட கட்டிப்போவுது. எனக்கு இங்கன மாரு கட்டிக்கிட்டு வலி உசுரு போவுது. ஒங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியும். என் மூத்தவள் பிறந்து விடுப்பு முடிந்த கையோடு வேலைக்கு வந்தவள் நான். சுருக்கென்று குத்தியது. அதை மறைத்துக்கொண்டு, ஆபீஸுக்கு வந்து சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"வரி கட்டுதவுக வந்து கேப்பாவ. நாங்க அக்கரை, வேற பஞ்சாயத்து. ஒங்க ஊரு சங்க ஓசிலதான கேட்டோம்? ஓசில கேட்டது நின்னுபோச்சுன்னு மனுவா குடுக்க முடியும்?" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டாள். நின்று பேசினால் பிள்ளைக்கு இன்னும் நேரமாகும்.

பிள்ளைவாள் என்று அவள் சொன்னது மேலத்தெருக் கவுன்சிலரை. ஒரு காலத்தில் ஆற்றங்கரையில் பாதி நிலம் அவர்கள் குடும்பத்துடையது என்பார்கள். இப்போது கால்வாய்க்குக் கீழே கொஞ்சம் வயல்தான் மிச்சம், பையன்கள் இரண்டு பேரும் வெளியூர் உத்தியோகம். சங்கை நிறுத்தும் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களில் அவரும் ஒருவர். கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவைத்துப் பெண்களை ஏமாற்றுகிறார் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மறுநாள் ரேடியோவில் செய்திக்கு முன்னால் வரும் மணிக்கு என் கடிகாரத்தைச் சரிவைத்துக்கொண்டு, கையும் களவுமாகப் பிடித்துவிடும் வேகத்தில் சாயங்காலம் வயலுக்குப் போனேன்.

குடையை ஊன்றிக்கொண்டு வரப்பில் நின்றிருந்தார். "வாங்கம்மா, வாங்க. வரப்பு வழுக்கும், பைய வாங்க."

மணி என்ன பிள்ளைவாள் என்றேன். கையை நீட்டிக் காட்டினார். என் கடிகாரத்தோடு நிமிஷம் பிசகாமல் ஒத்துப்போனது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அவருக்கு நான் வந்த காரணம் புரிந்துவிட்டது. "சந்தேகப்பட்டியளாக்கும்? சங்கு நின்னதுலருந்து தெனமும் ரேடியோவக் கேட்டுத்தான் வைக்கேன். கடவுள் சாட்சியா ஒரு நிமிசம் கூட்டல, கொறைக்கல. அஞ்சுன்னா அஞ்சு."

"அப்படியானால் முன்பு மட்டும் எப்படி இவர்கள் ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தார்கள்? இங்கிருந்து நிறுத்தத்துக்குக் கால் மணி நடையாச்சே?"

பிள்ளைவாள் சிரித்தார். "சாயங்காலச் சங்கு முந்தி ஊதும்மா. கால் மணி நேரம் முந்தி. ஒங்க ஆபீஸ் சங்கு, ஒங்களுக்கே தெரியாதா?"

தெரியாது. சங்குச் சத்தம் கேட்டால் மணி ஐந்து என்று எடுத்துக்கொள்வேன், கடிகாரத்தைப் பார்த்ததே இல்லை. ஊரில் எல்லாரும் கடிகாரம் சரிவைப்பது மதியச் சங்குக்கு, அது சரியாகத்தான் ஊதியது.

"எங்க அப்பா காலத்துல ஒரு தகராறும்மா" என்று பிள்ளைவாள் தொடர்ந்தார். "வேல நேரம் கூடுது, கூலி கூடலன்னு இவுக ஆளுக வேலைக்கு எறங்காம நின்னுட்டாவ. கடைசில ரெண்டு பக்கமும் ஒக்காந்து பேசுனாவ. எவன் கடியாரமும் கணக்கில்ல, சங்கு ஊதுனா கரையேறணும்னு முடிவாச்சு. அப்புறம் சங்கு முந்தி ஊத ஆரம்பிச்சுது. எங்களுக்கும் தெரியும், இவுகளுக்கும் தெரியும். பேசுனது பேசுனதுதானன்னு நாங்களும் வாயத் தொறக்கல. இப்பம் நீங்க சங்கயே எடுத்துட்டிய. சங்கு இல்லன்னா அந்தப் பேச்சும் இல்லல்லா?"

சேற்றில் குனிந்து நட்டுக்கொண்டிருந்த இசக்கியம்மாள் நிமிர்ந்தாள். "அந்தப் பேச்சு இல்லன்னா நாங்களும் இல்ல ஐயா" என்றாள். கையிலிருந்த நாற்று முடியை வரப்பில் வைத்துவிட்டுக் கரையேறினாள். ஒருத்தி பின் ஒருத்தியாக எல்லாரும் ஏறினார்கள். அன்றைக்குப் பஸ்ஸைப் பிடித்துவிட்டார்கள். மறுநாள் காலையில் ஒருவரும் வயலுக்கு வரவில்லை. "சங்கு ஊதட்டும், எறங்குதோம்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

நான் நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனேன். மோட்டார் போடுகிற மைதீன் பாய்தான் சங்கையும் ஊதிவந்தவர். சாயங்காலச் சங்கு ஏன் முந்தி ஊதியது என்று கேட்டேன். அவர் முகம் வெளுத்துப்போனது.

"அல்லா அறிய யாருக்கும் கெடுதல் நெனச்சுச் செய்யலம்மா. அஞ்சு மணிக்கு சாயங்காலத் தண்ணிக்கு மோட்டாரப் போடணும். மோட்டார் ஓடுனா வோல்டேஜ் எறங்கிரும். அந்நேரம் சங்கப் போட்டா சீக்கு வந்த நாய் மாதிரி முனகும், காயிலும் கருகிரும். அதனால சங்க மொதல்ல ஊதிட்டு, லைன் ஆறுனப்புறம் மோட்டாரப் போடுவேன்."

யாரிடமாவது சொன்னீர்களா என்றேன். "யாரும் கேக்கலியேம்மா" என்றார்.

தொட்டிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ஒரே ஆச்சரியம். ஊருக்கு மின்சாரம் போதவில்லை, அதனால் சங்கு முந்தி ஊதியது, அதனால் அக்கரைப் பிள்ளை ஒன்று வேளைக்குப் பால் குடித்தது. எந்த மன்றமும் இதற்குத் தீர்மானம் போடவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் திருடவும் இல்லை. சங்கு வெறுமனே மணி சொல்கிறது என்று நினைத்து நாங்கள் நிறுத்தினோம். அது ஒரு சண்டையை நிறுத்தி வைத்திருந்தது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. பிள்ளைவாளுக்குத் தெரிந்தது, அவர் பேசாமல் கை தூக்கினார்.

இதைக் கவனியுங்கள் பிள்ளைகளே. வரி கேட்டுப் போகிற நோட்டீஸுக்கு ஒரு கதவிலக்கம் உண்டு. அந்தக் கதவு திறந்து ஆள் வந்து சண்டை போடும். நீங்கள் நிறுத்துகிற வசதி யார் வீட்டில் போய் இடிக்கும் என்று அப்படிச் சொல்ல முடியாது. அதனால், யாரும் வரவில்லை என்று யாராவது சந்தோஷப்பட்டால் அன்றிலிருந்து நான் செருப்பை மாட்டிக்கொண்டு விசாரிக்கக் கிளம்பிவிடுவேன்.

சங்கைத் திரும்ப ஊதிவிட்டால் போயிற்று என்று தோன்றும். எதைக்கொண்டு ஊதுவது? மீட்டர் போய்விட்டது. திரும்ப இணைப்பு வாங்க வைப்புத்தொகை கட்ட வேண்டும், கருகின காயிலைச் சுற்ற வேண்டும், பணம் ஒரு பைசா இல்லை. நிறுத்தும்போது ஒரு கடிதத்தில் வேலை முடிந்தது. இதற்குள் நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டு வந்தது. நிலக்காரர்கள் சிலர் நாங்குநேரிப் பக்கமிருந்து லாரியில் ஆள் கொண்டுவரப் போவதாகப் பேசினார்கள். அப்படி வந்தால் பாலத்திலேயே மறிப்போம் என்று அக்கரையில் இளவட்டங்கள் பேசினார்கள். அந்த வருஷங்களில் எங்கள் மாவட்டத்தில் வாய்ச்சண்டை எங்கே போய் முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. சப்-இன்ஸ்பெக்டர் என் அறைக்கு வந்து, "மேடம், ஒரு சங்குக்காக என்னை லத்தி எடுக்க வச்சிராதிய" என்று சொல்லிவிட்டுப் போனார். அவசரக் கூட்டம் போடச் சொன்னேன்.

கூட்டத்தன்று இசக்கியம்மாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னும் சில பெண்களோடு மன்ற வாசலில் வந்து நின்றாள். உள்ளே பிள்ளைவாள்தான் முதலில் எழுந்தார். "சங்கு வேணும் வே. நாத்து முத்துது."

"வேணும்னா வரி போடணும் வே" என்றார் அண்ணாச்சி. "வேற வழி இல்லன்னு அம்மா சொல்லுதாவ. வரியப் போட்டுட்டு நான் தெருவுல நடக்கவா?"

"போடும் வே. மொதல்ல என் வீட்டுக்குப் போடும். நெல்லு வெளையலன்னா ஒம்ம கடைல என்னத்த வே அளப்பீரு?"

கடைத்தெருக் கவுன்சிலர் ஒருவர் குறுக்கே பாய்ந்தார். "அதெப்பிடி? நம்ம ஊரு வரிப்பணத்துல அக்கரைக்காரிக்கு எதுக்கு மணி அடிக்கணும்?"

வாசலிலிருந்து இசக்கியம்மாள் குரல் வந்தது. "அண்ணாச்சி, நீங்க திங்கிற சோத்துக்கு நாத்து நட்டது அக்கரைக்காரிதான். அத மட்டும் ஊருக்குள்ள விடுதியளே, எப்பிடி?"

இடுப்புப் பிள்ளை எதற்கோ சிரித்தது. அப்போது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மனசில் பட்டதைச் சொன்னேன்.

"அண்ணாச்சி, சங்கை நிறுத்தும்போது வரி போடாமல் தப்பித்தோம் என்று நினைத்தோம். அன்றைக்கே ஒரு வரி போட்டுவிட்டோம். அதை இந்த அம்மா தினமும் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள், கால் மணி நேரமாகவும் கால் நடையாகவும். நாம் ரசீது கொடுக்கவில்லை, அவ்வளவுதான். யாராவது கட்டித்தான் ஆகவேண்டும். ரசீது கொடுத்து வாங்குகிற வரியையே வாங்குவோமே."

அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தார். வாசலைப் பார்த்தார். கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. அவருடைய கை கடைசியாக, பாதித் தூரம்தான் எழும்பியது. நான் அதை முழுக் கையாகவே எண்ணிக்கொண்டேன். பெரிய வீடுகளுக்குக் கூடுதலாக, ஓலைக்கூரைக்கு ஏற்றாமல், வரி உயர்ந்தது. தெருவிளக்குகள் பிழைத்தன. அண்ணாச்சி என்னோடு வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எல்லாம் சுபம் என்று எழுதினால் பொய். வரியை ஏற்றியும் துண்டு முழுக்க மூடவில்லை. பூங்காவில் சாயங்காலம் பாடிக்கொண்டிருந்த பேரூராட்சி ரேடியோவை நிறுத்தினோம். அதற்கு யாரும் வந்து கேட்கவில்லை. இந்தத் தடவை நானே பூங்காவுக்குப் போய்ப் பல சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தேன். பெஞ்சில் இருந்தவர்களிடம் விசாரித்தேன். "அது கெடக்கு சவம், காது கொடஞ்சுது" என்றார் ஒருவர். இன்னொருவர் எழுந்து போய்விட்டார், பதிலே சொல்லவில்லை. அவர் யார், ஏன் எழுந்து போனார் என்று இன்றைக்கும் சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

இணைப்பு வருகிறவரை மின்சார அலுவலகத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டேன். என் தொல்லை தாங்காமலோ என்னவோ, மீட்டரைச் சீக்கிரம் மாட்டியதோடு, சங்குக்குத் தனி லைனும் இழுத்துக் கொடுத்தார்கள். இனி மோட்டார் ஓடினாலும் சங்கு முனகாது. நல்ல காரியம்தான். முதல் நாள் சாயங்காலம் சங்கு ஊதுவதைப் பார்க்க ஆசையாகத் தொட்டிப் படியேறிப் போனேன். மேலேயிருந்து பார்த்தால் கால்வாயும் வயல்களும் பாலமும் தெரிந்தன. பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். வரப்பில் பிள்ளைவாளின் குடை. வானம் நன்றாக இருண்டு கிடந்தது.

மைதீன் பாய் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "எந்த அஞ்சு மணிக்கு ஊதட்டும்மா?"

"என்ன பாய் கேக்கீங்க?"

"இல்ல, முன்னால வோல்டேஜ் இல்லன்னு முந்தி ஊதுனேன். இப்பந்தான் தனி லைன் இருக்கே. இனி சரியான அஞ்சுக்கே ஊதலாம். நீங்க அதிகாரி, நீங்க சொல்லுங்க."

நான் அதை யோசிக்கவே இல்லை. சரியான மணிக்கு ஊதினால் பஸ் போய்விடும், அந்தப் பிள்ளை அழும், இத்தனை பாடும் வீண். முந்தி ஊதினால், தெரிந்தே தப்பு மணிக்கு ஊது என்று ஒரு அரசு அதிகாரி சொன்னதாக ஆகும். வரப்பில் நிற்கிறவர் கையில் ரேடியோ மணி ஓடுகிறது. நாளைக்கே அவர் மனு கொடுத்தால் எனக்குப் பதில் கிடையாது. கேட்பதற்கு எனக்கு மேலே அங்கே யாரும் இல்லை, கீழே மைதீன் பாய்தான் இருந்தார்.

"முன்னால எப்பம் ஊதுவீங்களோ அப்பமே ஊதுங்க பாய்."

"அது அஞ்சு இல்லம்மா."

"தெரியும் பாய். ஊதுங்க."

ஊதினார். காதைப் பொத்திக்கொண்டேன். கீழே பெண்கள் நிமிர்ந்தார்கள். பிள்ளைவாள் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார், தலையைத் தூக்கித் தொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்திருப்பார். பிறகு குடையை மடக்கி, பெண்கள் ஏறுவதற்கு வரப்பை விட்டு ஒதுங்கி நின்றார். அவர்கள் ஓடவில்லை, நடந்துதான் போனார்கள். பஸ் வந்தபோது நிறுத்தத்தில் ஒரே சிரிப்புச் சத்தம், தொட்டி உச்சி வரைக்கும் கேட்டது.

புது வரியை முதலில் கட்ட வந்தவர் பிள்ளைவாள். மறுநாள் காலையில், அலுவலகம் திறந்ததும் திறக்காததுமாக. ரசீதை வாங்கி, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"வீட்டு வரிக்கு ரசீது சரியா இருக்கும்மா. அந்தக் கால் மணி நேரத்துக்கு ரசீது எங்க?"

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. "வேணும்னா எழுதித் தாரேன் பிள்ளைவாள்" என்றேன். உண்மையாகவே பேனாவைத் திறந்தேன்.

அவர் அவசரமாகக் கையமர்த்தினார். "எழுதாதிய. எழுதிட்டா நான் எதுத்துப் பேசியாகணும். எழுதாம இருக்கவரைக்கும் சங்குக்குக் கட்டுப்பட்டுக்கிடுதேன்."

ரசீதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, வயலுக்குப் போனார்.